மூலம் என்று நாமே முடிவு கட்டலாமா?

(வானொலியின் உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் நான் வந்தால் தென்னையில் காண்டாமிருக வண்டு, நெல்லில் குலைநோய், துத்தநாகப் பற்றாக்குறை என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்குப் பயிரைப் பற்றி இல்லை, பயிர் செய்கிறவர்களைப் பற்றி. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய்விட்டுச் சொல்ல நாம் கூச்சப்படுகிற இடத்தில் வருகிற ஒரு வியாதி. மலக்குடலில் வருகிற கட்டி. சாப்பிட்டுக்கொண்டே வானொலி கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. விவசாய விஞ்ஞானம் படித்தவன். என் சொந்த அண்ணனுக்கு இந்த வியாதி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "பேரை மட்டும் விட்டுடு தம்பி, மத்ததெல்லாம் சொல்லு" என்றார்.

அண்ணனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. 2018 ஆடி மாதம் ஒரு நாள் என்னிடம், "மூலம் வந்துடுச்சு போலிருக்குடா, ரத்தம் போகுது" என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சூடு, மோர் நிறையக் குடியுங்கள், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கடையில் மூலத்துக்குத் தடவுகிற களிம்பு ஒன்றையும் நானே வாங்கிக் கொடுத்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. நெல் மஞ்சளாகிறது என்றால் உடனே யூரியாவைப் போடாதீர்கள், வேரைப் பிடுங்கிப் பாருங்கள், மண்ணைப் பரிசோதியுங்கள் என்று உங்களிடம் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறவன் நான். என் அண்ணன் விஷயத்தில் வேரைப் பார்க்கவில்லை.

களிம்பில் நிற்கவில்லை. அண்ணன் எனக்குத் தெரியாமல் பக்கத்து ஊரில் 'மூலம், பவுத்திரம், ஒரே ஊசியில் குணம்' என்று பலகை போட்டிருக்கிற ஒருவரிடம் போயிருக்கிறார். அந்த ஆள் விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். அதற்குள் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷத்துத் தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நான் ராத்திரி பகலாகக் கணக்கெடுப்பில் இருந்தேன். அண்ணன் மெலிந்தார், வெளுத்தார், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினார். தோப்பு போன ஏக்கம் என்று அண்ணியும் நினைத்தார், நானும் நினைத்தேன், ஊரே நினைத்தது. பொங்கலுக்குப் பிறகு அவர் நடவாளோடு பேசிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தார். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7 தான் இருந்தது. ஆண்களுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எங்கே போகிறது என்று அந்த டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்குக் களிம்பு ஞாபகம் வந்தது.

ஆடியிலிருந்து மாசி வரை, ஏழு மாதம்.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம், அதாவது முக்கால் சாண் இருக்கும். அதற்குக் கீழே ஆசனவாய். உள்பக்கத் தோலில் முதலில் ஒரு சின்ன முளை கிளம்புகிறது. பாலிப் என்று சொல்கிறார்கள். மரத்தில் காளான் முளைக்கிற மாதிரி, காம்போடும் இருக்கும், ஒட்டிக்கொண்டு தட்டையாகவும் இருக்கும். எல்லாப் பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. ஆகிறவை அநேகமாகப் பத்து வருஷம் போல எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆகின்றன. இது நமக்கு நல்ல சேதி. இடையில் எடுத்துவிட்டால் வியாதியே இல்லை. கெட்ட சேதி என்னவென்றால் அந்தப் பத்து வருஷமும் அது வலிக்காது. மலக்குடலின் உட்புறத்தில் கட்டி வளர்ந்தால் வலி தெரிவதில்லை. கீழே ஆசனவாய்க்கோ, சுற்றியுள்ள நரம்புக்கோ பரவும்போதுதான் வலிக்கும். வலி இல்லை, அதனால் பயமில்லை என்று நான் நினைத்தேனே, அதுதான் முழுத் தப்பு.

என்னென்ன அறிகுறி என்று கேட்பீர்கள். மலத்தோடு ரத்தம், சளி. காலையில் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தவர் நாலு தடவை போவது, அல்லது இரண்டு நாள் போகாமல் இருந்து பிறகு போவது. போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி ஓர் உணர்ச்சி. மறுபடி போய் உட்கார்ந்தால் வெறும் சளிதான் வரும். இதை அண்ணன் சீதபேதி என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். மலம் பென்சில் மாதிரி மெலிந்து வருவது. காரணமில்லாமல் எடை குறைவது, சோகை பிடிப்பது. பெண்கள் சோகை என்றால் மாதவிடாய் என்று விட்டுவிடுகிறார்கள். மாதவிடாய் நின்று பல வருஷமான தாய்மாருக்கும், எந்த ஆணுக்கும் சோகை இருந்தால் ரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

மூல ரத்தம் எப்படி இருக்கும், கட்டி ரத்தம் எப்படி இருக்கும், நாமே பிரித்துப் பார்க்க முடியாதா? மூலத்தில் பெரும்பாலும் மலம் கழித்த பிறகு சுத்தச் சிவப்பாகச் சொட்டும். கட்டியில் மலத்தோடும் சளியோடும் கலந்து வரும் என்பார்கள். ஆனால் ஆசனவாய்க்குக் கிட்டத்தில் கட்டி இருந்தால் அதிலிருந்தும் சுத்தச் சிவப்பாகத்தான் வரும். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். ஆகையால் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

இன்னொன்று. நம்மில் பலர் விடிவதற்கு முன்னால் இருட்டில் கொல்லைக்குப் போய்ப் பழகியவர்கள். ரத்தம் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. இப்போது வீட்டிலேயே கழிப்பறை வந்துவிட்டது, விளக்கும் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பாருங்கள். அருவருப்பாக நினைக்காதீர்கள். மாடு போடுகிற சாணியைப் பார்த்து அதன் உடம்பைச் சொல்லுகிற ஜாதி நாம்.

சரி, டாக்டரிடம் போகிறோம். முதல் பரிசோதனைக்கு எந்த மெஷினும் வேண்டாம். கையுறை போட்டு, வழுக்கும் களிம்பு தடவி, ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். அரை நிமிஷ வேலை. விரலுக்கு ஏழு எட்டு சென்டிமீட்டர் எட்டும். மலக்குடலில் பாதி தூரம் அதிலேயே தெரிந்துவிடும். என் அண்ணனுக்குக் கட்டி இருந்தது நாலு சென்டிமீட்டர் உயரத்தில். ஆடி மாதமே யாராவது விரல் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தட்டுப்பட்டிருக்கும். ரத்தம் போகிறது என்று போய், பரிசோதிக்காமல் ஒருவர் மருந்து எழுதித் தந்தால், "ஐயா, பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். கூச்சம் ஒரு நிமிஷம்தான். பெண்கள் கூடத் துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துக்கொள்ளலாம், பெண் டாக்டர் இருந்தால் அவரிடமே போகலாம்.

அடுத்தது குழாய் விட்டுப் பார்ப்பது. கொலனோஸ்கோப்பி என்கிறார்கள். சுண்டுவிரல் கனமுள்ள, வளையக்கூடிய குழாய். நுனியில் விளக்கும் காமிராவும் இருக்கும். கீழே கட்டி தட்டுப்பட்டாலும் ஐந்தடி நீளப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிறார்கள், மேலே இன்னொன்று ஒளிந்திருக்கலாம் என்பதற்காக. அந்தக் குழாய் வழியாகவே கட்டியிலிருந்து நெல்மணி அளவில் சில துண்டு கிள்ளி எடுத்து நுண்நோக்கியில் பார்க்கிறார்கள். பயாப்ஸி. அது என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்வது அந்தப் பரிசோதனைதான். முடிவு வரச் சில நாள் ஆகும். "கத்தி பட்டால் பரவிடும், தொட விடாதீங்க" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அண்ணியைப் பிடித்துக்கொண்டார். அப்படியெல்லாம் இல்லை. துண்டு எடுத்ததால் இந்த வியாதி பரவுவதில்லை. எடுக்காமல் விட்டால்தான் பரவுகிறது.

புற்றுநோய் என்று உறுதியான பிறகு, உடனே ஆபரேஷனுக்குப் படுக்க வைத்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அப்படிச் செய்யவில்லை. எவ்வளவு தூரம் வேர் விட்டிருக்கிறது என்று முதலில் அளந்தார்கள். இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி குடல் சுவரைத் தாண்டி விட்டதா, சுற்றியிருக்கிற கொழுப்பில் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா, சுருக்குத் தசையைத் தொட்டுவிட்டதா என்று அதில் தெரியும். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க வயிற்றுக்கும் மார்புக்கும் சி.டி. ஸ்கேன். சி.இ.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. வியாதியைக் கண்டுபிடிப்பதற்கு அது உதவாது. பிறகு திரும்பி வருகிறதா என்று கண்காணிப்பதற்கு இப்போதே ஒரு கணக்கு எடுத்து வைக்கிறார்கள். இந்த அளவெல்லாம் எடுக்காமல் ஒருவர் நேரே கத்தியைத் தூக்கினால், இன்னொரு இடத்தில் கேட்பது நல்லது.

அண்ணனுக்குக் கட்டி சுவரைத் தாண்டியிருந்தது, நெறிக்கட்டியில் இருந்தது, தூரத்து உறுப்புகளுக்குப் போகவில்லை. மூன்றாம் நிலை என்றார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் என்ன நிலையில் இருந்திருக்கும் என்று நான் டாக்டரைக் கேட்டேன். "அதைத் தெரிந்து இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார்.

சிகிச்சைக்கு வருவோம். சின்னப் பாலிப்பாக இருந்தால் கொலனோஸ்கோப்பி பண்ணும்போதே கம்பிக் கண்ணி போட்டு அறுத்து எடுத்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். சுவரைத் தாண்டாத சின்னப் புற்றுக்கு நேரே ஆபரேஷன் போதும். சுவரைத் தாண்டியதற்கும் நெறிக்கட்டி உள்ளதற்கும், முதலில் கதிர்வீச்சு, பிறகு ஆபரேஷன் என்பது இப்போதைய வழக்கம். ஐந்து ஐந்தரை வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினம் சில நிமிஷம் மெஷினுக்கு அடியில் படுத்திருக்க வேண்டும், கூடவே மாத்திரை. எல்லாமாக 25 முதல் 28 நாள். சிலருக்கு ஐந்தே நாளில் அதிக அளவாகக் கொடுத்து முடிக்கிற முறையும் இருக்கிறது. கதிர்வீச்சு படும்போது ஒன்றும் தெரியாது. மூன்றாவது வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு, அந்த இடத்துத் தோல் எரிச்சல் வரும். முடிந்த பிறகு பல வாரம் காத்திருந்துதான் ஆபரேஷன். அந்தக் காலத்தில் கட்டி சுருங்கிக்கொண்டே வரும். மருந்து முழுவதையும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கொடுத்து முடிப்பதும் இப்போது பரவி வருகிறது. யாருக்கு எது என்பதை அறுவை டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், மருந்து டாக்டர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள்.

இந்தக் காத்திருக்கிற காலத்தில்தான் நம் ஆட்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணனோடு கதிர்வீச்சுக்கு வந்தவர் ஒருவர், காவிரிக்கரைப் பக்கத்து விவசாயி, நல்ல உழைப்பாளி. நாலு வாரத்தில் அவருக்கு ரத்தம் நின்றுவிட்டது. கடுப்பு நின்றது. நன்றாகச் சாப்பிட்டார். "எல்லாம் சரியாப் போச்சு சார், அவங்க ஆபரேஷன்னு வயித்தைக் கிழிச்சுப் பையைக் கட்டி விட்டுடுவாங்க, நான் நாத்து விடணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அடுத்த வருஷம் அவரை அதே வராந்தாவில் ஸ்டிரெச்சரில் பார்த்தேன். அப்போது ஈரலுக்குப் போய்விட்டது. மேல்பயிரைக் கருக்கிவிட்டால் கோரை செத்துவிட்டது என்று அர்த்தமா? கிழங்கு அடியில் இருக்கிறதே.

கட்டி முழுவதும் மறைந்துவிட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்யாமலே கண்காணிக்கிற முறை ஒன்று உண்டு என்பது வாஸ்தவம்தான். பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ நகரத்தில் ஏஞ்செலிட்டா ஹப்ர்-காமா என்ற பெண் டாக்டர் 2004-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் மறைந்தது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர், விரலாலும் குழாயாலும் எம்.ஆர்.ஐ.யாலும் பார்த்து. அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் போய்க் காட்ட வேண்டும், ஏனென்றால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இரண்டு வருஷத்துக்குள் அதே இடத்தில் மறுபடி முளைக்கிறது. உடனே கண்டுபிடித்தால் அப்போது ஆபரேஷன் செய்துகொள்ளலாம். நாமே நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2022-ஆம் வருஷம் நியூயார்க்கில் ஒரு மருந்தை மட்டும் கொடுத்து, 12 பேருக்கு 12 பேருக்கும் மலக்குடல் கட்டி மறைந்தது என்று பத்திரிகைகளில் வந்ததே, அதையும் பலர் கேட்கிறீர்கள். உண்மைதான். டாஸ்டார்லிமாப் என்று பெயர். ஆனால் மரபணுக்களில் ஒருவிதமான பழுது உள்ள கட்டிகளுக்குத்தான் அது பிடிக்கும். மலக்குடல் புற்றில் நூற்றுக்கு ஐந்து பத்துப் பேருக்குத்தான் அந்த ரகம். உங்கள் கட்டி அந்த ரகமா என்று பயாப்ஸித் துண்டிலேயே சோதித்துச் சொல்லலாம், கேட்டுப் பாருங்கள். விலை அதிகமான மருந்து.

ஆபரேஷனைப் பற்றி. கட்டியை மட்டும் நோண்டி எடுத்தால் போதாது. 1908-இல் இங்கிலாந்தில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுக்கிற முறையை எழுதினார். ரொம்ப காலம் அதுதான் பிரதானம். அப்புறம் அதே நாட்டில் பில் ஹீல்ட் என்பவர் 1982-இல், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுத்தால் கட்டி அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். நாற்று பிடுங்கும்போது வேரோடு மண்கட்டி உடையாமல் எடுக்கிறோமே, அந்த மாதிரி. இன்றைக்குத் திறந்து செய்தாலும், சின்னத் துளை போட்டுச் செய்தாலும், இந்த முறைதான். கட்டி மேலே இருந்தால் குடலை மறுபடி இணைத்துவிடலாம். அந்த இணைப்பு ஆறுவதற்காகத் தற்காலிகமாகச் சிறுகுடலை வயிற்றில் திறந்து பை ஒட்டுவார்கள், சில மாதம் கழித்து மூடிவிடுவார்கள். இணைத்த பிறகும் கொஞ்ச காலம் அடிக்கடி, அவசரமாகப் போக வேண்டி வரும். கட்டி சுருக்குத் தசையைப் பிடித்திருந்தால் ஆசனவாயை எடுத்து மூடிவிட்டு, வயிற்றில் இடது பக்கம் நிரந்தரமாக வழி வைக்கிறார்கள்.

அண்ணனுக்கு இரண்டாவது வகை. கேட்டதும் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார். "வயித்துல பையைக் கட்டிக்கிட்டு நான் எப்படிக் கோயிலுக்குப் போவேன்? பந்தியில எப்படி உட்காருவேன்? தோப்பும் போச்சு, இதுவும் போகட்டும்" என்றார். அண்ணி அழுதார். நான் விஞ்ஞானம் பேசினேன், ஒன்றும் எடுபடவில்லை. அந்த வார்டுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வருவார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அரசியல் பேசினார், கஜாவைப் பற்றி விசாரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்புகிறபோது சட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஒன்பது வருஷமா இருக்கு. இவ்வளவு நேரம் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்களே, வாடை வந்துச்சா?" என்று கேட்டார். மறுநாள் காலை அண்ணன் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். உங்கள் வீட்டில் இந்த நிலைமை வந்தால் பை வைத்திருக்கிற ஒருவரைக் காட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

2019 ஆனி மாதக் கடைசியில் ஆபரேஷன். பிறகு நாலு மாதம் மருந்து. அதில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஒன்று. ஏறும் நாட்களில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், குடித்தால் தொண்டையைப் பிடிக்கும். போர்செட் தண்ணீரில் முகம் கழுவப் போய் அண்ணன் அலறிவிட்டார். வெந்நீர்தான் எல்லாவற்றுக்கும். விரல் மரமரப்பு நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைப்பார்.

பையோடு விவசாயம் பார்க்க முடியுமா? முடிகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, அந்த இடத்தில் குடல் பிதுங்கும். அதற்கப்புறமும் நெல் மூட்டை வேண்டாம். முதுகில் மாட்டுகிற கைத்தெளிப்பானின் இடுப்பு வார் பை மேல் உரசும், அந்த வேலையை வேறு ஆளிடம் விடுங்கள். பை ஒட்டுகிற தோலை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய வைத்தால் போதும். எண்ணெய், பவுடர் தடவினால் ஒட்டாது. சிறுகுடலில் பை வைத்தவர்கள் வெயிலில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர்களுக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்து வெளியே போய்விடுகிறது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் பற்றாது. உப்புப் போட்ட கஞ்சி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும். தலை சுற்றி, சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

இன்னொரு விஷயம், மெதுவாகச் சொல்கிறேன். இடுப்பில் கதிர்வீச்சும் ஆபரேஷனும் தாம்பத்தியத்தையும் பிள்ளைப்பேற்றையும் பாதிக்கலாம். நம் நாட்டில் இந்த வியாதி முப்பது நாற்பது வயதுக்காரர்களுக்கும் வருகிறது. பிள்ளை வேண்டும் என்று இருக்கிறவர்கள் சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ஆரம்பித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஏன் வருகிறது? புகையிலை, மது, அதிகக் கொழுப்பு உடம்பு, பதப்படுத்திய இறைச்சி, நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு, பரம்பரை. இவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் என் அண்ணன் பீடி பிடிக்காதவர், குடிக்காதவர், கேழ்வரகும் கீரையும் தின்று மண்வெட்டி பிடித்தவர். அவருக்கும் வந்தது. பூச்சி மருந்தால் வருகிறதா என்று பல பேர் கேட்கிறீர்கள். இந்தக் கட்டிக்கு அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அதற்காக முகமூடி, கையுறை இல்லாமல் தெளிக்க நான் அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரம்பரை என்றேன். தாய், தகப்பன், கூடப் பிறந்தவர் ஒருவருக்கு இந்த வியாதி இருந்தால் மற்றவர்கள் நாற்பது வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு அப்போது 49. எனக்கு 41. டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்கள் எப்போது வரப் போகிறீர்கள்?" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. முதல் நாள் கஞ்சித் தண்ணீர், இளநீர் மாதிரி நீராகாரம்தான். சாயங்காலம் பவுடர் கரைத்த தண்ணீர் இரண்டு லிட்டர், ராத்திரி பூராவும் கழிவறைக்கு நடை. உண்மையில் கஷ்டம் அது ஒன்றுதான். மறுநாள் தூக்க ஊசி போட்டார்கள், அரை மணியில் முடிந்தது. மிளகு அளவு ஒரு பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் புற்று இல்லை, ஆனால் விட்டிருந்தால் பிற்பாடு ஆகக்கூடிய ரகம். ஐந்து வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். 2024-இல் போனேன், ஒன்றுமில்லை. அந்த வருஷமே அண்ணனுக்கும் ஐந்து வருஷக் கண்காணிப்பு முடிந்தது. கஜாவுக்குப் பிறகு நட்ட குட்டைத் தென்னையில் இப்போது காய் பறிக்கிறார், மரம் ஏற ஆள் வேண்டாம் என்கிறார்.

செலவுக்கு என்ன வழி? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த வியாதிக்கான ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து எல்லாம் வருகின்றன. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வியாதி வந்த பிறகு அலையாமல் இந்த வாரமே வாங்கி வையுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் சிகிச்சைக்கு வசதி இருக்கிறது. முதலில் உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, எழுதி வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். போகிறபோது பயாப்ஸி ரிப்போர்ட்டு மட்டும் போதாது, அந்தத் துண்டு வைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கிப் போங்கள், மறுபடி கிள்ள வேண்டியிருக்காது. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணை ஆளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ஆஸ்பத்திரியில் சான்றுப் படிவம் தருவார்கள்.

கடிதம் எழுதிக் கேட்க விரும்புகிறவர்கள் நிலையத்துக்கு எழுதலாம். பெயரைப் படிக்க மாட்டோம். அடுத்த வாரம் தென்னையில் சிவப்புக் கூன்வண்டுக்குக் கவர்ச்சிப் பொறி வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன். வணக்கம்.